படத்தில் இல்லாத பாதி

என் மாமியாரிடம் நான் சொன்ன பெரிய பொய் ஒரு நாவலைப் பற்றியது. அந்த நாவலின் கடைசி அத்தியாயத்தில் கதாநாயகி பிள்ளை பெற்றதும் இறந்துபோகிறாள். நான் அவளைச் சாகவிடவில்லை. புத்தகத்தைக் கண்ணுக்கு முன்னால் விரித்து வைத்துக்கொண்டு, அச்சில் இருந்ததை விட்டுவிட்டு, மனதில் தோன்றியதைப் படிப்பதுபோலவே சொல்லி முடித்தேன். அப்போது எனக்கு எட்டு மாதம்.

அது நடந்து ஒரு வருடம் ஆனபின் அந்த நாவலைப் படமாக எடுத்து வெளியிட்டார்கள். எங்கள் ஆரணி தியேட்டருக்கும் அது வந்தது.

எப்படி இதில் மாட்டிக்கொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கண்ணமங்கலம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வேலூரில் தமிழ் எம்.ஏ. படித்தேன். கல்யாணச் சாமான்களோடு ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களும் வந்தன. அவற்றில் இந்த நாவலும் ஒன்று. என் அம்மா காலத்துக்கும் முந்தையது; கல்லூரியில் படித்த எல்லாப் பெண்களும் ஒரு தடவையாவது அதைப் படித்து அழுதிருப்போம்.

எங்கள் வீட்டில் ஒரு தறி உண்டு. வாசல் அறை முழுக்க அதுதான். என் கணவர் நெய்கிறார். அத்தை அவருக்குக் கூடமாட வேலை செய்கிறார். தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதற்கே கத்தவேண்டும். ஆனால் தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல், அதாவது ஒரு பாவு, மூன்று பட்டுச் சேலைக்குத்தான் வரும். ஒரு மாதத்தில் அது தீர்ந்ததும் பழைய பாவின் நுனியோடு புதிய பாவின் நுனியை ஒவ்வோர் இழையாக முறுக்கிச் சேர்க்கவேண்டும். பாவு பிணைப்பது என்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பலைத் தொட்டுத் தொட்டு அத்தை அதைச் செய்வார். அந்த இரண்டு நாளும் வீட்டில் தறிச் சத்தம் இருக்காது. என் கணவர் நெய்த சேலைகளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விடுவார். நானும் அத்தையும் மட்டும் இருப்போம்.

எனக்கு இரண்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் அத்தை கேட்டார்.

“அந்தப் பொட்டி நெறைய புக்கு வெச்சிருக்கியே, அதுல இன்னாதான் எழுதியிருக்கான்? எனக்கும் கொஞ்சம் படியேன், கேட்டுகினே பிணைக்கறேன்.”

அத்தை நாலாவதுவரை படித்தவர். பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிப்பார். அதற்குமேல் கண் வலிக்கிறது என்பார். நான் இந்த நாவலை எடுத்தேன். காதல் கதை, சுலபமான தமிழ், அலுக்காது. அவ்வளவுதான் யோசித்தேன். முடிவை ஏன் யோசிக்கவில்லை என்று பிறகு எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். ஆனால் மாதத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு இருபது இருபத்தைந்து பக்கம் என்று படித்தால் கடைசி அத்தியாயம் எட்டாம் மாதத்தில் வந்து நிற்கும் என்று யார் கணக்குப் போடுவார்கள்?

கதை இதுதான். கதாநாயகி ஒரு சின்ன ஊர் டெலிபோன் நிலையத்தில் ஆபரேட்டர். அவன் அணை கட்டும் இடத்தில் சர்வேயர். தினமும் சாயங்காலம் தன் ஊருக்கு டிரங்க் கால் போடுவான். இணைப்புக் கிடைக்க ஒரு மணி நேரம் ஆகும். காத்திருக்கும் நேரத்தில் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். நாவலில் நூறு பக்கத்துக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. ஒரு தடவை அவளைப் பார்ப்பதற்காகவே அவன் பஸ் ஏறி வருகிறான். ஜன்னல் வழியாக வேறோர் ஆபரேட்டரைப் பார்த்து அவள்தான் என்று நினைத்துக்கொண்டு, பேசத் தைரியமில்லாமல் திரும்பிப் போய்விடுகிறான்.

“அய்யய்யோ, அவ இல்லடா!” என்று அத்தை கையிலிருந்த இழையை விட்டுவிட்டுச் சொன்னார். அன்றைக்கு அந்த ஓர் இழையைத் தேடிப் பிடிக்க வெகுநேரம் ஆனது.

நாவலின் சரிபாதியில் கல்யாணம். மீதிப் பாதி அவன் ஊரில், அவன் அம்மாவோடு. கடைசியில் பிரசவம். பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்கவில்லை. அவள் போனபிறகு அவன் வீட்டுத் தொலைபேசியை எடுக்கிறான். நம்பர் ப்ளீஸ் என்று வேறொரு குரல் கேட்கிறது. அவன் எதுவும் சொல்லாமல் வைத்துவிடுகிறான். அவ்வளவுதான், முடிந்தது.

எனக்கும் நஞ்சுக்கொடி கீழே இருப்பதாக ஸ்கேனில் வந்திருந்தது. ரத்தப்போக்கு வரலாம், பளு தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அந்த ரிப்போர்ட்டை அத்தைக்குப் படித்து அர்த்தம் சொன்னதும் நான்தான். அன்றிலிருந்து என்னை ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கவிடவில்லை. மாசமாக இருப்பவள் வாயிலிருந்து வேண்டாத வார்த்தை வரக்கூடாது, அவள் காதிலும் விழக்கூடாது என்பது எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். தெருவில் சாவு விழுந்தால்கூட என்னிடம் சொல்லமாட்டார்கள். மேளச் சத்தம் கேட்கும்போது அத்தை டிவியைச் சத்தமாக வைப்பார். அப்படிப்பட்ட வீட்டில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் அந்த அத்தியாயத்தைச் சத்தமாகப் படிப்பதா?

கண் அச்சில் இருந்த வரிமேலேயே ஓடியது. வாய் வேறு சொன்னது. அவளுக்குப் பெண் பிறந்தது, பெயர் வைத்தார்கள், அவனுக்கு அவளுடைய ஊருக்கே மாற்றல் கிடைத்தது, அவள் மறுபடியும் டெலிபோன் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சரியான இடத்தில் பக்கத்தைப் புரட்டவும் செய்தேன்.

“மாமியாக்காரி இன்னா பண்ணா?” என்றார் அத்தை.

“தொட்டில் வாங்கிக் குடுத்தாங்க அத்தை.”

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். கன்னத்தில் சாம்பல் ஒட்டியது. “நல்லா இருக்கட்டும்” என்று அவளை வாழ்த்தினார். நான் புத்தகத்தை மூடிப் பெட்டியில் வைத்தேன்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அத்தை நல்ல கதைசொல்லி. ரேஷன் கடை வரிசையில், தண்ணீர்க் குழாயடியில், சீமந்த வீட்டுப் பந்தியில் என்று அந்தக் கதையைச் சொல்லாத இடமில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நான் கட்டிவிட்ட முடிவுதான் தெரியும். படம் வருகிறது என்று செய்தி வந்தபோது என் பையனுக்குப் பதினொரு மாதம். எதிர்வீட்டுக்காரம்மா செல்போனில் போஸ்டரைக் காட்டினார். அத்தைக்கு முகமெல்லாம் பூரிப்பு.

“எங்க வூட்டுக் கதைய எடுத்துகினு இருக்கான் பாரு! எல்லாரும் போவணும். யாருக்குன்னா புரியலன்னா நான் சொல்றேன்.”

படம் நாவலைப்போலவே முடிந்தால் தியேட்டரில் தெருப் பெண்கள் அத்தனை பேருக்கு நடுவில் அத்தை வெட்கப்படுவார். அதைவிட, நான் படித்துச் சொன்னதை இனிமேல் நம்பமாட்டார். எங்கள் வீட்டில் எந்தக் காகிதம் வந்தாலும் அதை நான்தான் படிக்கிறேன். பையனின் தடுப்பூசி அட்டை, மருந்துப் பாட்டிலில் எத்தனை மில்லி, கரண்ட் பில், எல்லாம். அத்தை அதையெல்லாம் மறு கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வார். அந்த நம்பிக்கைதான் போய்விடுமே என்று பயந்தேன்.

கணவரிடம் சொன்னேன். சிரித்தார். “இதுக்குப் போயி இவ்ளோ பேஜாரா? படத்துல மாத்திட்டாங்கன்னு சொல்லிடு, முடிஞ்சிது.”

அதையும் முயன்றேன். மறுநாள் பையனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்.

“படம் எடுக்கறவங்க கதைய அப்படியே எடுக்கமாட்டாங்க அத்தை. முடிவக்கூட மாத்திடுவாங்க.”

“நல்ல முடிவ எவன்னா மாத்துவானா? சாவறா மாரி இருந்தா மாத்துவான். பொழைச்சி நல்லா இருக்கறவள எதுக்கு மாத்தறான்?”

போனில் விமர்சனங்களைத் தேடிப் பார்த்தேன். ‘நெஞ்சை உருக்கும் கிளைமாக்ஸ்’ என்றார் ஒருவர். ‘கடைசி இருபது நிமிடம் கண்ணீர்’ என்றார் இன்னொருவர். என்ன நடக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. படம் பார்ப்பவர்களின் சுவையைக் கெடுக்கக்கூடாதாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குக் கிளம்பினோம். நான், அத்தை, எதிர்வீட்டுக்காரம்மா, பிரசவத்துக்காகச் சேத்துப்பட்டிலிருந்து தாய்வீடு வந்திருந்த அவருடைய பெண். அவளுக்கு ஏழாம் மாதம். ஷேர் ஆட்டோவில் அவளை நடுவில் உட்கார வைத்து இரண்டு பக்கமும் நாங்கள் அணைத்துக்கொண்டோம். பையன் என் மடியில். பால் பாட்டில், மாற்றுத் துணி, காதில் வைக்கப் பஞ்சு, எல்லாம் பையில். இவ்வளவு சிறிய குழந்தையைத் தியேட்டருக்குக் கொண்டுவரலாமா என்ற கவலை ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கொண்டுவராவிட்டால் நான் வரமுடியாது. நான் வராவிட்டால் அங்கே என்ன நடக்கும் என்று தெரியாமல் வீட்டில் கிடந்து தவிக்கவேண்டும்.

படம் ஆரம்பித்துப் பத்து நிமிடத்திலேயே அவனும் அவளும் மழையில் ஒரே குடைக்குள் நின்றார்கள். பாட்டு வந்தது.

“இன்னாடி இது?” என்று அத்தை எனக்கு மட்டும் கேட்பதாக நினைத்துக்கொண்டு இரண்டு வரிசைக்குக் கேட்கும்படி கேட்டார். “இன்னும் கொரலே கேக்கல, அதுக்குள்ள மூஞ்சியப் பாத்துட்டான்!”

அத்தை சொன்னது சரிதான். நாவலின் உயிரே அந்தப் பார்க்காத நூறு பக்கங்களில்தான் இருந்தது. எழுத்தில் குரல் மட்டும் போதும். முகத்தை நாம் வரைந்துகொள்வோம். கல்லூரியில் எனக்கு ஒரு முகம் தெரிந்தது. அத்தைக்கு வேறொரு முகம் தெரிந்திருக்கும். படத்தில் நடிகையைக் காட்டாமல் அவ்வளவு நேரம் ஓட்ட முடியுமா? கொடுத்த சம்பளம் என்ன ஆவது? எனக்கு அது புரிந்தது. ஆனாலும் அந்த ஜன்னல் காட்சியைக் காணோமே என்று எனக்கும் ஏமாற்றம்தான். நாவலில் அவளுக்கு லேசான மாறுகண். அதனால்தான் அவன் வந்து பார்க்கக்கூடாது என்று அவள் பயப்படுகிறாள். படத்தில் இருந்த பெண்ணுக்குப் பயப்பட ஒன்றுமே இல்லை.

“இவ இல்ல” என்று அத்தை முடிவாகச் சொல்லிவிட்டார். “நம்மாளு வேற மாரி இருப்பா.”

நாவலில் காத்திருப்பது நிறைய. அவன் ஒரு கேள்வி கேட்பான். அவள் பதில் சொல்வதற்குள் லைன் போய்விடும். மறுநாள் சாயங்காலம்வரை நாமும் காத்திருப்போம். எங்கள் வீட்டில் அடுத்த பாவுவரை, அதாவது ஒரு மாதம் காத்திருந்தோம். படத்தில் அந்தக் கேள்வியும் பதிலும் ஒரே பாட்டில் முடிந்தன. நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள். பழைய டெலிபோன் நிலையம், வயர்கள், பலகையில் மினுக்கும் சின்ன விளக்குகள் எல்லாம் நான் நினைத்ததைவிட அழகாக இருந்தன. புத்தகத்தில் படித்தபோது அந்த விளக்குகளை நான் கவனித்ததே இல்லை.

இடைவேளைக்குமுன் அவனுடைய அம்மா வந்தார். நாவலில் அவர் கல்யாணத்துக்குப் பிறகுதான் வருவார். படத்தில் முன்னாலேயே வந்து கத்தினார், பாத்திரத்தை வீசினார், சாபம் விட்டார். வில்லியாகவே ஆக்கியிருந்தார்கள்.

விளக்கு போட்டதும் எதிர்வீட்டுக்காரம்மா பாப்கார்னை நீட்டிக்கொண்டே அத்தையை இடித்தார்.

“இன்னாக்கா, மாமியாரு தங்கமானவங்கன்னு சொல்லிகினு இருந்த? கத வேற மாரி இருக்குதே. உம் மருமவ உனக்குப் பயந்துகினு மாத்திப் படிச்சாளா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. நாவலில் அந்த மாமியார் வில்லி கிடையாது. ஆனால் நாலைந்து இடத்தில் சுருக்கென்று பேசுவார். அந்த இடங்கள் வந்தபோதெல்லாம் எனக்கு எதிரே என் மாமியார் உட்கார்ந்து இழை பிணைத்துக்கொண்டிருந்தார். நான் அவற்றைப் படிக்காமல் தாண்டிவிட்டேன். முடிவை மாற்றியது மட்டும்தான் தப்பு என்று அதுவரை நினைத்திருந்தேன்.

“படத்துலதான் கெடுத்து வெச்சிருக்கான்” என்றார் அத்தை. “எங்க வூட்ல புக்கே இருக்குது. எழுதனத மாத்த முடியுமா?”

இடைவேளைக்குப்பின் ஒரு சண்டைக் காட்சி வந்தது. நாவலில் சண்டையே கிடையாது. பையன் அலறிக்கொண்டு எழுந்தான். பஞ்சு எப்போதோ விழுந்துவிட்டது. அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். தாழ்வாரத்தில் மேலும் கீழுமாக நடந்தேன். அவன் என் தோளில் தூங்குவான், கதவைத் திறப்பேன், சத்தத்தில் எழுந்துவிடுவான். மூன்று தடவை அப்படி ஆனது. கடைசியில் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன்.

ஆகவே கடைசி அரை மணி நேரப் படத்தை நான் பார்க்கவில்லை, கேட்டேன். யாரோ ஓடுகிறார்கள். ஒரு பெண் கத்தி அழுகிறாள். பிறகு நீளமாக ஒரு வயலின், அதன்பின் சத்தமே இல்லை. போய்விட்டாள் என்று நினைத்தேன். பையனை இறுக்கிக்கொண்டேன். உள்ளே ஏழு மாதக்காரி ஒருத்தி இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவளையாவது வரவேண்டாம் என்று தடுத்திருக்கலாமே, எனக்கு என் பொய் மட்டும்தான் பெரிதாகப் போயிற்றா என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. அதற்குள் நாதசுரம் கேட்டது. கொட்டு மேளம். கல்யாணமா? இன்னும் பாதி நாவல் இருக்கிறதே, எப்போது முடிப்பார்கள் என்று நினைத்தபோதே கதவுகள் திறந்தன. வெளிச்சம். எல்லோரும் வெளியே வந்தார்கள்.

அத்தை வந்தார். முகத்தில் கோபம்.

“முடிஞ்சிது போ! தாலி கட்டனான், பேர் போட்டான். மிச்ச கத எங்கடா?”

“அவ்ளோதானா அத்தை? கல்யாணத்தோட முடிச்சிட்டாங்களா?”

“பாதிதான் எடுத்துகினு வந்திருக்கான்! கொழந்த பொறந்தது, பேர் வெச்சது, தொட்டிலு, ஒண்ணத்தையும் காணோம்.”

சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்துவிட்டேன். ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது ஒரு மூச்சில் இறங்கியது. நாவலை அரைகுறையாக எடுத்தார்கள் என்று விமர்சகர்கள் யாராவது திட்டியிருந்தால் திட்டட்டும். நான் அந்த இயக்குநரைக் கையெடுத்துக் கும்பிடத் தயாராக இருந்தேன்.

திரும்பும்போது ஆட்டோவில் அத்தை படத்தில் விட்டுப்போன பாதியை முழுக்கச் சொன்னார். டிரைவரும் திரும்பித் திரும்பிக் கேட்டுக்கொண்டு வந்தார். “ரோட்டப் பாத்து ஓட்டுப்பா, அவளுக்கு ஒண்ணும் ஆவல, நல்லாத்தான் இருக்கறா” என்று அத்தை அவரை அதட்டினார்.

எதிர்வீட்டுப் பெண் இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணி, அந்தப் புக்கு எனக்குக் கொஞ்சம் குடுக்கறீங்களா? வூட்ல சும்மாதான் இருக்கேன். அந்த ரெண்டாவது பாதிய நானே படிக்கறேன்.”

அவள் பி.காம். படித்தவள். கடைசி அத்தியாயத்தைப் படித்துக் காட்ட அவளுக்கு யாரும் வேண்டியதில்லை.

“அதுக்கென்ன?” என்றார் அத்தை என்னை முந்திக்கொண்டு. “நாளைக்கு நம்ம வூட்ல பாவு பிணைக்கறோம். நீயும் உங்கம்மாவும் வாங்க. எடுத்துகினு போ.”

இறங்கிய பயம் திரும்ப ஏறி உட்கார்ந்தது. இம்முறை என் பெயருக்காக இல்லை. அந்தப் பெண் தனியாக அறையில் உட்கார்ந்து, ஏழாம் மாதத்தில், ரத்தம் நிற்கவில்லை என்ற வரிக்கு வருவதை நினைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான், இனிச் சொல்லாமல் இருக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் பையனைத் தூளியில் போட்டேன். என் கணவர் பழைய பாவின் கடைசிச் சேலையை இறக்கி எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தார். அத்தை முகம் கழுவிவிட்டு வந்து தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் புத்தகத்தை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

“அத்தை, இதுல கடைசில இருக்கறது நான் படிச்சது இல்லீங்க. அவ செத்துப்போறா. கொழந்த பொறந்ததும் செத்துடறா. எனக்கு அப்போ அதச் சொல்ல வாய் வரல.”

அத்தை புத்தகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“பேர் வெச்சது?”

“நான் சொன்னது.”

“ஊருக்கே மாத்தல் ஆனது?”

“அதுவும் நான்தாங்க அத்தை.”

அத்தை புத்தகத்தைத் தள்ளி வைத்தார். பிறகு அவர் கேட்டதுதான் நான் பயந்த கேள்வி.

“ஸ்கேன் ரிப்போர்ட்டையும் இப்படித்தான் படிச்சியா?”

“இல்லீங்க அத்தை. அதுல ஒரு எழுத்துக்கூட மாத்தல. நஞ்சு கீழ இருக்குதுன்னு நான்தானே உங்ககிட்ட சொன்னேன்? மறைக்கணும்னா அதத்தானே மறைச்சிருப்பேன்?”

“மருந்து பாட்டுலு?”

“சத்தியமா இல்லீங்க.”

அத்தை எழுந்து போனார். சமையலறையில் சொம்பு உருளும் சத்தம் கேட்டது. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருக்கவேண்டாமோ? புத்தகம் தொலைந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் எல்லோருக்கும் நல்லதாகப் போயிருக்குமே? இல்லை, எட்டாம் மாதத்திலேயே இதற்குமேல் படிக்க முடியவில்லை அத்தை என்று மூடி வைத்திருக்கவேண்டும். அதுதான் செய்திருக்கவேண்டியது. அது அப்போது ஏன் தோன்றவில்லை?

தண்ணீர் குடித்துவிட்டு அத்தை திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“வேற இன்னா மாத்தன?”

“மாமியாரு பேசற நாலஞ்சு எடத்த விட்டுட்டேன்.”

“இன்னா பேசனா?”

“கொஞ்சம் சுருக்குனு...”

“அதான் இன்னா பேசனான்றேன். படி!”

படித்தேன். கல்யாணமாகி வந்த மருமகள் முதல் நாள் வைத்த குழம்பை வாயில் வைத்துவிட்டு அந்த மாமியார், டெலிபோனில் குழம்பு வைக்கச் சொல்லிக் கொடுக்கமாட்டார்கள் போலிருக்கிறது என்கிறார். அத்தை ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“இதப் போயி வுட்டுட்டியேடி! இத்தினி நாளு அவ வாயில்லாத பூச்சின்னு இல்ல சொல்லிகினு இருந்தேன். இன்னும் இருக்குதா?”

மீதி இடங்களையும் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் சிரித்தார். எனக்குத் தைரியம் வந்தது. அந்த வேகத்திலேயே கடைசி அத்தியாயத்துக்குப் போனேன். இந்த முறை கண் ஓடிய வரியையே வாயும் படித்தது. அதே மாமியார் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தரையில் உட்கார்ந்து, மருமகளிடம் குழம்பு நன்றாயிருந்தது என்று ஒரு நாள்கூடச் சொல்லவில்லையே என்று அழுகிற இடம் வந்தது. அவருடைய சுருக்கென்ற பேச்சுகளை விட்டுவிட்டால் இந்த அழுகைக்கு ஒரு பொருளும் இல்லை என்று படிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று தடவை படித்தவள், எம்.ஏ. வரை போனவள், எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. படம் எடுத்தவர்கள் அவரைக் கத்தவிட்டார்கள். நான் அவர் வாயை அடைத்தேன். இரண்டு பேருமே அந்த அம்மாளை அழ விடவில்லை.

அத்தை அழுதார். நானும்தான். கதையில் அவன் தொலைபேசியை வைத்ததும் புத்தகத்தை மூடினேன்.

“நல்ல கத” என்றார் அத்தை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. கொஞ்சம் பொறுத்து, “அன்னிக்கி நீ இதப் படிச்சிருந்தா நான் புக்கப் புடுங்கி அடுப்புல போட்டிருப்பேன்” என்றார்.

பையன் எழுந்து சிணுங்கினான். அவனுக்குச் சளி மருந்து கொடுக்கிற நேரம். அத்தை பாட்டிலை எடுத்து வந்து என்னிடம் நீட்டி, “எத்தினி மில்லி?” என்று கேட்டார். இரண்டரை என்றேன். அளந்து ஊற்றினார்.

மறுநாள் எதிர்வீட்டுக்காரம்மாவும் அவர் பெண்ணும் சொன்னபடியே வந்தார்கள். அத்தை சாம்பல் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். புத்தகம் என் மடியில் இருந்தது. என்ன சொல்லவேண்டும் என்று நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண் உட்காரும்போதே கையை நீட்டினாள்.

“குடுங்க அண்ணி.”

நான் அத்தையைப் பார்த்தேன்.

“புக்கு எங்கியும் போவாது” என்றார் அத்தை, கண்ணை இழையிலிருந்து எடுக்காமல். “நல்லபடியா பெத்தெடு, வந்து வாங்கிகினு போ. பொடி எழுத்து, இப்ப கண்ணுக்கு ஆவாது. மிச்சத்த நான் சொல்றேன், கேளு. நேத்து ஆட்டோல ஜல்தி ஜல்தியா சொன்னேன், அதுல ஒரு மேட்டர வுட்டுட்டேன். அந்த மாமியாக்காரி இருக்கறாளே, அவளுக்கு வாயி கொஞ்சம் நீளம்.”

குழம்பு கதையைச் சொன்னார். எதிர்வீட்டுக்காரம்மா, “அச்சு அசல் என் மாமியாரு!” என்றார். அவருடைய பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தை கதையில் பிரசவம்வரை வந்தார்; அவர் சொன்னதிலும் குழந்தை பிறந்தது, தாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் கதையில் இல்லாத ஒன்றை அவர் சேர்த்தார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மாமியார் தரையில் உட்கார்ந்து அழுகிறார். நர்ஸ் வந்து, இன்னாத்துக்கும்மா அழுவறீங்க, உங்க மருமவ நல்லாத்தான் இருக்கறா என்கிறாள். உடனே மாமியார் உள்ளே போய் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, உன் குழம்பு முதல் நாளே நல்லாத்தான் இருந்துது என்கிறார்.

“இது நேத்து சொல்லவே இல்லியே!” என்றாள் அந்தப் பெண்.

“நேத்து ஞாபகம் வரல” என்றார் அத்தை. அடுத்த இழைக்குச் சாம்பலைத் தொட்டுக்கொண்டே என் பக்கம் திரும்பினார். “இன்னாம்மா, அப்படித்தானே எழுதியிருக்குது?”

“ஆமாங்க அத்தை” என்றேன்.